மலிவு விலைக் கடையில் மளிகை வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வீட்டுச் செலவைப் பற்றி எழுதும்போது, 'டிஸ்கவுண்ட் கடையில் மளிகை வாங்கினால் மாதக் கடைசியில் கையில் கொஞ்சம் நிற்கும்' என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரிக்குத்தான் அதிகக் கடிதங்கள். சிலர் நன்றி சொல்லியிருக்கிறார்கள், சிலர் நல்ல கோபத்தில், 'விலை குறைவு என்பதற்காகக் கண்டதையும் வாங்கிச் சாப்பிடச் சொல்கிறீர்களா' என்று கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இல்லை.

மற்ற கடைகளைவிட இவ்வளவு குறைத்து எப்படிக் கொடுக்க முடிகிறது? மட்டமான சரக்கு, இல்லாவிட்டால் பழைய சரக்கு என்றுதானே அர்த்தம்?

எல்லோருக்கும் முதலில் வருகிற சந்தேகம் இது. ஆனால் இந்தக் கடைகளில் பெரும்பாலும் பொருளில் கை வைப்பதில்லை, கடை நடத்துகிற செலவில்தான் கை வைக்கிறார்கள். பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்றில் பல்லாயிரம் வகைப் பொருட்கள் இருக்கும். டிஸ்கவுண்ட் கடையில் ஓராயிரம், இரண்டாயிரம் வகைதான். அங்கே சலவைத்தூள் பதினைந்து வகை என்றால் இங்கே இரண்டு. இரண்டே வகை என்பதால் ஒவ்வொன்றையும் மலை மலையாக வாங்குகிறார்கள், அந்த அளவை வைத்து உற்பத்தியாளரிடம் விலை பேசுகிறார்கள். சரக்கு வந்த அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு அப்படியே அலமாரித் தட்டில் ஏற்றிவிடுவார்கள், ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆள் கிடையாது. தள்ளுவண்டியில் நாணயம் போட்டால்தான் பூட்டு திறக்கும், வண்டியைத் திரும்பக் கொண்டுபோய் விட்டால்தான் நாணயம் கிடைக்கும் என்று சில கடைகளில் வைத்திருப்பது ஏன் தெரியுமா? வெளியே சிதறிக் கிடக்கும் வண்டிகளைப் பொறுக்கிச் சேர்க்கும் ஆளின் சம்பளம் மிச்சம். சில கடைகளின் சொந்தப் பொருட்களைத் திருப்பிப் பாருங்கள், பார்கோடு ஒரு மூலையில் சின்னதாக இல்லாமல் இரண்டு மூன்று பக்கம் நீளமாக அச்சாகியிருக்கும். பில் போடுபவர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்கோடைத் தேட வேண்டியதில்லை, ஒரே இழுப்பில் போய்விடும்.

இந்த முறை பிறந்த கதையும் வறுமையிலிருந்துதான் தொடங்குகிறது. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தில் கார்ல் ஆல்பிரெக்ட், தியோ ஆல்பிரெக்ட் என்ற அண்ணன் தம்பி, இரண்டாம் உலகப் போர் முடிந்து 1946-ல் தங்கள் அம்மாவின் சின்ன மளிகைக் கடையை எடுத்து நடத்த ஆரம்பித்தார்கள். கையில் பணமில்லாததால் கொஞ்சம் சரக்கோடு தொடங்கினார்கள், பிறகு வகைகளைக் கூட்டிக்கொள்ளலாம் என்றுதான் எண்ணம். ஆனால் கொஞ்சம் வகையிலேயே வியாபாரம் நன்றாக நடந்ததால் அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் அங்கே கடைக்காரர்கள் வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி வில்லை (ஸ்டாம்ப் மாதிரி ஒட்டுகிற சின்னச் சீட்டு) கொடுப்பார்கள். அதையெல்லாம் சேர்த்து ஒட்டிக் கொண்டுவந்து காட்டினால் 3 சதவீதம் வரை பணம் திரும்பக் கிடைக்கும். இவர்கள் வில்லையே வேண்டாம் என்று அந்த 3 சதவீதத்தை முதலிலேயே விலையில் குறைத்துவிட்டார்கள். 1962-ல் ஆல்பிரெக்ட் என்ற குடும்பப் பெயரையும் டிஸ்கவுண்ட் என்பதற்கான ஜெர்மன் சொல்லையும் சேர்த்துச் சுருக்கி 'ஆல்டி' என்று பெயர் வைத்தார்கள். இன்று உலகத்தில் பல டிஸ்கவுண்ட் கடைகள் செய்கிற வேலைகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் இன்னொரு வகைக் கடை இருக்கிறது, அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. உறை மாறிய சரக்கு, பண்டிகை முடிந்து தேங்கிய சரக்கு, தேதி நெருங்கியது, பெட்டி நசுங்கியது, இவற்றை மொத்தமாக வாங்கி விற்கிற கடை. அங்கே உங்கள் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆகவே நீங்கள் போகும் கடை எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதைப் பொறுத்துத்தான் எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதும்.

கடையின் சொந்தப் பெயரில் வரும் பொருட்களை நம்பலாமா?

சர்க்கரை, உப்பு, சமையல் சோடா போன்றவற்றில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். ஒரே பொருள் மட்டும் இருக்கிற பாக்கெட்டில் பெயருக்குக் கொடுக்கிற பணம் விளம்பரத்துக்குப் போகிற பணம்தான். பல பொருட்கள் கலந்து செய்ததில்தான் வித்தியாசம் வரும்.

நான் ஒருமுறை ஜாம் பாட்டில் இரண்டை, ஒன்று பெயர் பெற்ற கம்பெனி, ஒன்று கடையின் சொந்தத் தயாரிப்பு, வீட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். பெரும்பாலான நாடுகளில், எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. ஒன்றில் முதல் வார்த்தை பழம். இன்னொன்றில் முதல் வார்த்தை சர்க்கரை, அடுத்ததுதான் பழம். விலை வித்தியாசத்துக்குக் காரணம் அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதே கடையின் தக்காளி டப்பாவைப் பார்த்தால் இரண்டிலும் ஒரே பட்டியல், ஒரே வரிசை. அதனால் கடையையே நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யாதீர்கள், ஒவ்வொரு பொருளையும் திருப்பிப் பாருங்கள். 'ரெண்டும் ஒரே ஃபாக்டரியில்தான் வருகிறது' என்று கடைப்பக்கம் ஒரு பேச்சு எப்போதும் இருக்கும். சில சமயம் உண்மைதான், ஆனால் ஒரே ஆலையில் வந்தாலும் செய்முறை ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

டீத்தூள், காபித்தூள், சோப்பு எல்லாம் அவரவர் நாக்கு, அவரவர் தோல். இருப்பதிலேயே சின்ன பாக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மிச்சம் பிடிக்கத்தான் அங்கே போகிறேன். ஆனால் பில் முன்பைவிடக் கூடித்தான் வருகிறது. என் மீது தப்பா, கடை மீது தப்பா?

இந்தக் கடிதத்தை எழுதிய சகோதரி மூன்று மாத பில்லையும் பிரதி எடுத்து அனுப்பியிருந்தார். நான் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். மளிகைச் சாமான் செலவு உண்மையாகவே குறைந்திருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. கூடியது எங்கே என்றால் ஒரு மேசை விளக்கு, இரண்டு தலையணை உறை, ஒரு பிளாஸ்டிக் டப்பா வரிசை, வாங்கிய மூன்றில் இரண்டு கெட்டுப்போனதாக ஓரத்தில் அவரே எழுதியிருந்த தயிர்.

எல்லாம் விலை குறைவு என்று ஒரு கடையைப் பற்றி மனதில் பதிந்துவிட்டால், உள்ளே நுழைந்ததும் நம் கணக்குப் பார்க்கும் புத்தி கொஞ்சம் தளர்ந்துவிடும். பால் விலை குறைவு, மாவு விலை குறைவு, அப்படியானால் இந்த விளக்கும் விலை குறைவாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஒன்றிரண்டு பொருளை வாங்கிய விலைக்கும் கீழே விற்று ஆளை உள்ளே வரவழைப்பது பழைய வியாபார முறை. அந்த நஷ்டத்தை மற்ற பொருட்களில் எடுத்துக்கொள்வார்கள். கடையின் நடுவரிசையில் 'இந்த வாரம் மட்டும்' என்று வைத்திருப்பவை மளிகைக்கு வந்தவரின் கண்ணில் படுவதற்கென்றே அங்கே இருக்கின்றன.

'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பதை எடுத்துக்கொள்வோம். மூன்றையும் பயன்படுத்தினால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 சதவீதம், உங்களுக்கு லாபம். இரண்டைப் பயன்படுத்தி ஒன்றைத் தூக்கிப்போட்டால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ஒன்றை மட்டும் பயன்படுத்தி இரண்டைத் தூக்கிப்போட்டால் அந்த ஒன்றுக்கு இரட்டிப்பு விலை கொடுத்திருக்கிறீர்கள். தயிரில் நடந்தது இந்த மூன்றாவது. இது அவர் ஒருவருடைய வீட்டுப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி 2022-ம் ஆண்டில் உலகம் முழுக்க வீணான உணவு சுமார் 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது. படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

சரி, என்ன செய்யலாம்? சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பசியோடு போகாதீர்கள். சமையலறையில் நின்று, டப்பாக்களைத் திறந்து பார்த்துப் பட்டியல் எழுதுங்கள், ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். அப்புறம், பத்துச் சாமானுக்குள் என்றால் தள்ளுவண்டியைத் தொடாமல் கைக்கூடை எடுங்கள். தள்ளுவண்டியைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்தில் கடை வைத்திருந்த சில்வன் கோல்ட்மேன், ஆண்டு 1937. கூடை கனத்ததும் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று கவனித்துத்தான் அவர் சக்கரம் வைத்தார். கை வலிக்கும்போது நமக்கே தெரியும் போதும் என்று. நடுவரிசைப் பொருள் ஏதாவது மிகவும் பிடித்திருந்தால் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வெறுங்கையோடு வந்துவிடுங்கள். அடுத்த வாரமும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம், தீர்ந்துபோயிருந்தால் போகட்டும்.

உங்கள் மீது தப்பு என்று சொல்ல மாட்டேன் சகோதரி. பில்லை எடுத்து வைத்துப் பார்த்தீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

தேதி நெருங்கிய பொருளைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

உறையில் இரண்டு விதமான தேதி இருக்கும். 'இந்தத் தேதிக்கு முன் பயன்படுத்தினால் நன்று' என்ற பொருளில் இருந்தால் அது தரத்தைப் பற்றியது. அந்தத் தேதி தாண்டினால் பிஸ்கட் கொஞ்சம் நமத்திருக்கும், டீத்தூளில் மணம் குறைந்திருக்கும், ஒழுங்காக மூடி வைத்திருந்தால் பொதுவாக ஆபத்து கிடையாது. 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்திவிட வேண்டும்' என்று இருந்தால் அது பாதுகாப்பைப் பற்றியது. இறைச்சி, மீன் போன்ற சீக்கிரம் கெடும் பொருட்களில் வரும். அதைத் தாண்டிவிட்டால் வாசனை நன்றாக இருந்தாலும் வேண்டாம், எல்லாக் கிருமியும் வாடையைக் கிளப்பிக் காட்டிக்கொடுக்காது. தேதிக்குள்ளேயே உறைய வைத்துவிட்டால் பிறகு பயன்படுத்தலாம். எந்தத் தேதி எப்படி அச்சாக வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் உங்கள் பாக்கெட்டில் உள்ள வாசகத்தை முழுதாகப் படியுங்கள். கைக்குழந்தைக்கான பால் மாவில் மட்டும் எந்தச் சலுகையும் பார்க்காதீர்கள், தேதி கடந்ததைத் தொடவே வேண்டாம்.

தகர டப்பா லேசாக நசுங்கியிருந்தால் பரவாயில்லை. மேல் விளிம்பிலோ பக்கவாட்டு இணைப்பிலோ அடி வாங்கியிருந்தால், துருப்பிடித்துக் கசிந்தால், மூடி உப்பியிருந்தால் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். திறக்கும்போது உள்ளேயிருந்து பீய்ச்சி அடித்தால் ருசி பார்க்கக்கூட வேண்டாம். அப்படிப்பட்ட டப்பாவில் இருக்கக்கூடிய விஷம் உயிரையே எடுக்கும்.

பெரிய பாக்கெட் வாங்கினால் எப்போதும் லாபம்தானே?

இல்லை. பலமுறை நடுத்தர பாக்கெட்தான் மலிவு, அதுவும் சலுகை போட்டிருக்கும் வாரத்தில் நிச்சயம் கணக்குப் போட்டே ஆக வேண்டும். விலையை எடையால் வகுத்தால் கிலோவுக்கு எவ்வளவு என்று வந்துவிடும், கைபேசியில் அரை நிமிட வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2000-லிருந்தும் ஆஸ்திரேலியாவின் பெரிய மளிகைக் கடைகளில் 2009-லிருந்தும் இந்த அலகு விலையை விற்பனை விலையோடு காட்ட வேண்டும் என்று விதியே இருக்கிறது. உங்கள் கடையில் அப்படி எழுதியிருந்தால் பெரிய எழுத்தை விட்டுவிட்டு அந்தச் சின்ன எழுத்தைப் பாருங்கள்.

எடை குறைப்பு இன்னொன்று. போன மாதம் 1,000 கிராம் இருந்த பாக்கெட் இந்த மாதம் அதே விலையில் 900 கிராம். 10 சதவீதம்தானே குறைந்தது என்று தோன்றும், ஆனால் ஒரு கிலோவுக்கு நீங்கள் கொடுக்கும் விலை 11 சதவீதம் ஏறிவிட்டது. பிரான்ஸில் 2024 ஜூலை முதல், இப்படி அளவைக் குறைத்து விலையைக் குறைக்காமல் விற்றால் பெரிய கடைகள் இரண்டு மாதம் அதை அறிவிப்பாக வைக்க வேண்டும். எல்லா ஊரிலும் வர வேண்டிய சட்டம் என்பேன்.

நாங்கள் வயதான இருவர் மட்டும். பிள்ளைகள் மொத்தமாக வாங்கி வைக்கச் சொல்கிறார்கள்.

வேண்டாம் அம்மா. நானும் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். ஐந்து லிட்டர் எண்ணெய் டப்பா, லிட்டருக்கு நல்ல குறைவு என்று வாங்கி அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தேன். தினமும் திறந்து மூடி, சூடும் வெளிச்சமும் பட்டு, பாதிக்கு மேல் போனபோது காறல் வாடை வந்துவிட்டது. மீதி இரண்டு லிட்டர் வீண், கணக்குப் பார்த்தால் சின்ன பாட்டிலே லாபம். மாவு, கொட்டை வகைகள், அரைத்த பொடிகள் எல்லாம் இப்படித்தான், திறந்த பிறகு நாள் எண்ண ஆரம்பித்துவிடும். உப்பு, சர்க்கரை, சோப்பு, சலவைத்தூள் இவற்றை மட்டும் மொத்தமாக வாங்குங்கள், அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து தர ஆள் இருந்தால். முதுகு வலியோடு பத்துக் கிலோவைத் தூக்கி வருவது எந்தத் தள்ளுபடிக்கும் ஈடாகாது. விலை நன்றாக இருந்தால் பக்கத்து வீட்டாரோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

கடை தூரம். போய் வருவதற்கு ஆகும் செலவையும் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம் சேருங்கள். போக வர ஆகும் செலவைவிட மிச்சம் இரண்டு மடங்காவது இருந்தால்தான் நான் கிளம்புவேன், நம் நேரத்துக்கும் ஏதாவது விலை வேண்டுமே. உறுப்பினர் கட்டணம் வாங்கும் கடைக்கும் இதே கணக்குதான். வருடக் கட்டணத்தை ஒரு தடவைக்கு மிச்சமாகும் தொகையால் வகுத்தால் எத்தனை முறை போனால் போட்ட பணம் திரும்பும் என்று தெரியும். அத்தனை முறை போகப்போவதில்லை என்றால் சேர வேண்டாம்.

என் மகள் அந்தக் கடைப் பையைப் பார்த்தாலே கூச்சப்படுகிறாள். தோழிகள் பார்த்துவிடுவார்களாம். என்ன சொல்வது?

கடிதத்தைப் படித்ததும் உங்களைவிட அந்தப் பிள்ளையைத்தான் அதிகம் நினைத்தேன். அந்த வயதில் பை ஒரு பெரிய விஷயம். திட்டாதீர்கள், 'நம்ம நிலைமை தெரியாதா' என்று கேட்காதீர்கள், அது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதால்தான் கூச்சம். பையைத் துணிப்பையாக மாற்றிவிடுங்கள், அந்தச் சங்கடம் அன்றோடு போகும். பிறகு ஒருநாள் பட்டியலை அவளிடம் கொடுத்து, கிலோ விலை கணக்குப் போடச் சொல்லி, மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கை அவள் விருப்பத்துக்கு விடுங்கள். காசு இருக்கிறவர்களும் இந்தக் கடைகளுக்கு வரத்தான் செய்கிறார்கள், கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தாலே தெரியும். அவள் கண்ணால் பார்த்தால் போதும், நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டாம்.

நான் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அவர்கள் விற்கும் விலைக்கு எனக்குக் கொள்முதலே கிடைக்கவில்லை. நீங்களும் அங்கே போகச் சொன்னால் நாங்கள் என்ன செய்வது?

ஐயா, இந்தக் கேள்விக்கு முன்னால் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. வருமானம் குறைந்த ஒரு குடும்பத்திடம் போய் 'கூடுதலாகக் கொடுத்து அவரிடம் வாங்குங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே சமயம் உங்கள் கடை தருவதை அவர்கள் தர மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நூறு கிராம் நிறுத்துத் தர மாட்டார்கள், சம்பளம் வரும் வரை கணக்கில் எழுதிக்கொள்ள மாட்டார்கள், இரண்டு நாள் வராத பெரியவரை யாரும் அங்கே தேட மாட்டார்கள். பில் போடும் இடத்தில் ஒரே ஒருவர் உட்கார்ந்து நீண்ட வரிசையை வேகவேகமாக அனுப்பிக்கொண்டிருப்பார், அவருக்கு நிமிர்ந்து பார்க்கவே நேரம் இருக்காது. பக்கத்துக் கடைகள் மூடிய பிறகு அந்தப் பெரிய கடையும் லாபம் போதவில்லை என்று கிளம்பிவிட்டால், நடந்துபோய் வாங்குகிறவர்கள் திண்டாடிப்போவார்கள்.

நான் என் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். நாள்பட இருக்கும் சாமானை மாதம் ஒருமுறை டிஸ்கவுண்ட் கடையில் வாங்குகிறேன். அன்றாடம் வேண்டிய காய்கறி, அவசரச் சாமான், சின்ன அளவில் வேண்டியது எல்லாம் தெருமுனைக் கடையில்தான், விலை கொஞ்சம் கூட இருந்தாலும். வாசகர்களில் முடிந்தவர்களும் அப்படிச் செய்யலாம். உங்களுக்கு ஒரு யோசனை: நான்கைந்து சின்ன கடைக்காரர்கள் சேர்ந்து மொத்தமாகக் கொள்முதல் செய்யும் கூட்டுறவு முறை பல நாடுகளில் ரொம்ப காலமாக நடக்கிறது. பெரியவர்களின் பலம் கொள்முதல் அளவில்தான் இருக்கிறது, அதைச் சேர்ந்து வாங்குவதில் கொஞ்சமாவது எட்டிப் பிடிக்கலாம். உங்கள் அனுபவத்தை விரிவாக எழுதி அனுப்புங்கள், வெளியிடுகிறோம்.

தட்டில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை. கேட்டால் வரிசையில் நிற்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

சுளிக்கட்டும், கேளுங்கள். சலுகை நேற்றோடு முடிந்தும் தட்டில் இருந்த சீட்டை எடுக்க ஆள் இல்லாமல் விட்டிருப்பார்கள், ஒரே பொருள் இரண்டு முறை பதிவாகியிருக்கும், இப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது. பணம் கொடுத்தவுடன் ஓரமாக நின்று பில்லை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிடுங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் திரும்பி வர மனம் வராது. சலுகைப் பொருளை எடுக்கும்போதே தட்டில் இருக்கும் விலைச்சீட்டைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படத்தைக் காட்டினால் பேச்சு நீளாது.